கம்ப்யூட்டர் கிளாஸ் அசைன்மென்ட்: கேள்வியைப் படிக்கறதுல இருந்து சப்மிட் பண்ற வரைக்கும் முழுமையான வழிகாட்டி

கம்ப்யூட்டர் கிளாஸ் அசைன்மென்ட்ல மார்க் போறதுக்கு பெரும்பாலும் காரணம் வேலை தெரியாதது இல்ல, வேலையை மாத்தி மாத்தி செஞ்சது தான். டாக்குமெண்ட் நல்லா டைப் பண்ணியிருப்பாங்க, எங்க சேவ் ஆச்சுன்னு தெரியாது. ஷீட்ல விடை எல்லாம் சரியா இருக்கும், ஆனா ஃபார்முலா போடாம கால்குலேட்டர்ல பாத்து நம்பரை அடிச்சிருப்பாங்க. ஸ்லைடு கலர் மாத்தறதுலயே ரெண்டு நாள் போயிருக்கும், உள்ள எழுத வேண்டிய விஷயம் கடைசி அரை மணி நேரத்துல வந்திருக்கும். பசங்க பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா எல்லாரும் கிட்டத்தட்ட அதே இடங்கள்ல தான் தடுக்கறாங்கன்னு தெரியும், அதனால அந்த இடங்களுக்கு தான் இதுல நேரம் குடுத்திருக்கேன்.

வேர்ட், எக்செல், பவர்பாயின்ட்னு பேர் சொல்லி எழுதியிருந்தாலும் லிப்ரே ஆஃபீஸ்லயோ கூகுள் டாக்ஸ்லயோ செய்றவங்களுக்கும் வரிசை இதே தான். மெனு இருக்கற இடம் மட்டும் மாறும்.

1. கம்ப்யூட்டரை ஆன் பண்றதுக்கு முன்னாடி கேள்வியைப் பிரிச்சு எழுதுங்க

அசைன்மென்ட் ஷீட்டை ரெண்டு தடவை படிங்க. ரெண்டாவது தடவை படிக்கும்போது ஒரு பேப்பர்ல நாலு விஷயத்தை மட்டும் தனியா எழுதி வைங்க: என்ன செய்யச் சொல்லியிருக்காங்க, எந்த ஃபைல் வகைல குடுக்கணும், ஃபைலுக்கு என்ன பேர் வைக்கணும், எதுக்கு எத்தனை மார்க்.

இதுல மார்க் பிரிச்சு குடுத்திருக்கறது தான் முக்கியம். "ஃபார்முலா பயன்படுத்தியதற்கு 10, சார்ட் 5, அழகா இருக்கறதுக்கு 2"னு இருந்தா எங்க நேரம் போடணும்னு அவங்களே சொல்லிட்டாங்க. இதைப் பாக்காம ஆரம்பிக்கறவங்க கிட்டத்தட்ட எல்லாருமே அந்த ரெண்டு மார்க்குக்கு தான் அதிக நேரம் செலவு பண்றாங்க.

"செய்", "விளக்கு", "ஒப்பிடு" இந்த மாதிரி சொற்களை அடிக்கோடு போடுங்க. ஒப்பிடச் சொன்ன இடத்துல ரெண்டு பொருளைப் பத்தியும் தனித்தனியா பாரா எழுதிட்டு விட்டுட்டா அது ஒப்பீடு கிடையாது, எவ்வளவு அழகா ஃபார்மட் பண்ணியிருந்தாலும் மார்க் வராது.

புரியாத இடம் இருந்தா இப்பவே டீச்சர் கிட்ட கேளுங்க. முதல் நாள் கேட்டா பதில் வரும். கடைசி நாள் கேட்டா ஏன் இவ்வளவு நாள் கேக்கலன்னு தான் வரும்.

2. தேவையானதை முன்னாடியே எடுத்து வைங்க

ஸ்கூல் லேப்ல என்ன சாஃப்ட்வேர், வீட்ல என்ன சாஃப்ட்வேர்னு பாத்துக்கோங்க. ரெண்டும் வேற வேறன்னா ஒரு சின்ன டெஸ்ட் ஃபைல் செஞ்சு, ஒரு தலைப்பு, ஒரு டேபிள், ஒரு படம் அதுல போட்டு ரெண்டு பக்கமும் திறந்து பாருங்க. லிப்ரே ஆஃபீஸ்ல செஞ்சது வேர்ட்ல திறக்கும்போது பக்கம் தள்ளிப் போறதும், ஃபான்ட் மாறறதும் சகஜம். அது முதல் நாளே தெரிஞ்சா பிரச்சினை இல்ல, கடைசி நாள் தெரிஞ்சா தான் பிரச்சினை.

அக்கவுண்ட் பாஸ்வேர்ட் ஞாபகம் இருக்கான்னு இப்பவே லாகின் பண்ணி பாருங்க. பென் டிரைவ்ல இடம் இருக்கா, கம்ப்யூட்டர் அதை எடுத்துக்குதான்னும் பாருங்க.

போன் மட்டும் தான் இருக்குன்னா டைப் பண்ற வேலையை, ஸ்லைடுக்கான விஷயத்தை, படம் தேடறதை எல்லாம் போன்லயே முடிச்சிடலாம். ஸ்டைல், சார்ட், ஃபார்முலா, பேஜ் செட்டிங் மாதிரி வேலைகளுக்கு லேப் நேரத்தை ஒதுக்குங்க. லேப்ல கிடைக்கற ஒரு மணி நேரத்தை டைப் பண்றதுலயே தீர்த்துட்டு ஃபார்மட்டுக்கு நேரம் இல்லாம நிக்கறவங்க நிறைய பேர்.

3. ஃபோல்டர், பேர், சேவ்: இது தான் முதல் வேலை

காலி டாக்குமெண்டை திறந்த உடனே, ஒரு எழுத்து கூட அடிக்கறதுக்கு முன்னாடி சேவ் பண்ணுங்க. காரணம் என்னன்னா, பேர் வச்சு சேவ் பண்ணாத ஃபைலுக்கு எந்த இடமும் கிடையாது. கரண்ட் போனாலோ சாஃப்ட்வேர் தொங்கினாலோ தேடறதுக்கு ஒண்ணும் இருக்காது. வேர்ட்ல தானா மீட்டுக் குடுக்கற வசதி இருக்கு, ஆனா வழக்கமா அது 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை தான் எடுத்து வைக்கும், நடுவுல செஞ்சது போயிடும்.

டெஸ்க்டாப்லயோ டவுன்லோட்ஸ்லயோ போடாதீங்க. ஒரு அசைன்மென்ட்டுக்கு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள ஃபைல், அதுல வர்ற படங்கள், எடுத்த குறிப்பு எல்லாம் ஒண்ணா இருக்கணும். வேற கம்ப்யூட்டருக்கு போகும்போது ஃபோல்டரை முழுசா தூக்கிட்டு போனா போதும், ஒண்ணும் விட்டுப் போகாது.

பேர் வைக்கறதுல டீச்சர் ஒரு முறை சொல்லியிருந்தா அப்படியே வைங்க, ஒரு எழுத்து கூட மாத்தாதீங்க. நிறைய ஃபைல் வர்ற இடத்துல பேர் வரிசைப்படி தான் அடுக்கிப் பாப்பாங்க. ஒண்ணும் சொல்லலன்னா வகுப்பு, ரோல் நம்பர், பேர், அசைன்மென்ட் நம்பர்னு வைங்க. "ஃபைனல்", "புது ஃபைனல்", "கடைசி ஃபைனல்"னு வச்சுக்கிட்டே போனா எது கடைசின்னு உங்களுக்கே தெரியாமப் போயிடும். வெர்ஷன் வேணும்னா 01, 02, 03னு போடுங்க. ஒற்றை இலக்கத்துக்கும் முன்னாடி பூஜ்யம் போட்டா 10 வந்தாலும் வரிசை கலையாது.

அப்புறம் விண்டோஸ்ல ஃபைல் எக்ஸ்டென்ஷன் தெரியற மாதிரி வச்சுக்கோங்க. ஃபைல் எக்ஸ்ப்ளோரர்ல வியூ மெனுக்குள்ள "ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்"னு இருக்கும், அதை டிக் பண்ணுங்க. வழக்கமா அது மறைஞ்சு இருக்கறதால வேர்ட் ஃபைலா பிடிஎஃப் ஃபைலான்னு ஐகானை வச்சு தான் யூகிக்க வேண்டியிருக்கு. இன்னொரு தப்பும் இதனால வருது, பேர்ல போய் "டாட் பிடிஎஃப்"னு டைப் பண்ணிட்டா ஃபைல் பிடிஎஃப் ஆயிடும்னு நினைக்கறது. ஆகாது. பேர் மட்டும் தான் மாறும், உள்ள இருக்கறது பழைய ஃபைல் தான், பிடிஎஃப்னு நினைச்சு திறந்தா எரர் வரும். பிடிஎஃப் வேணும்னா "சேவ் ஆஸ்" இல்லன்னா "எக்ஸ்போர்ட்" வழியா தான் போகணும்.

வேலை செய்யும்போது ஒவ்வொரு பாரா முடிஞ்சதும் கன்ட்ரோல் எஸ். விரல் தானா போற அளவுக்கு பழகிக்கோங்க.

4. முதல்ல விஷயத்தை மட்டும் டைப் பண்ணுங்க, அலங்காரம் அப்புறம்

ஃபான்ட், கலர், பார்டர் எதையும் தொடாம முழு விஷயத்தையும் வெறுமனே டைப் பண்ணி முடிங்க. ஏன்னா எழுதும்போதே ஃபார்மட் பண்ணா ஒவ்வொரு தடவை பாரா சேர்க்கும்போதும் நீக்கும்போதும் அது கலையும், திரும்ப சரி பண்ணணும், அதுலயே நேரம் போயிடும்.

டைப்பிங் மெதுவா இருக்குன்னா கீபோர்ட்ல எஃப், ஜே ரெண்டு கீ மேலயும் ஒரு சின்ன மேடு இருக்கும், தடவிப் பாருங்க. ரெண்டு ஆள்காட்டி விரலும் அங்க இருக்கணும், கீழ பாக்காம விரல் இடத்துக்கு வர்றதுக்காகவே அதை வச்சிருக்காங்க. வேகத்தை பத்தி முதல்ல கவலைப்படாதீங்க, பாக்காம அடிக்கப் பழகினா வேகம் பின்னாடியே வரும்.

தமிழ்ல டைப் பண்றவங்க கண்டிப்பா யூனிகோட்ல (எல்லா கம்ப்யூட்டரும் ஒரே மாதிரி புரிஞ்சுக்கற எழுத்து முறை) டைப் பண்ணுங்க. பாமினி மாதிரி பழைய ஃபான்ட்கள்ல உள்ள இருக்கறது உண்மைல ஆங்கில எழுத்து, அது மேல தமிழ் வடிவத்தைப் போட்டிருப்பாங்க, அவ்வளவு தான். அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தா பக்கம் முழுக்க புரியாத ஆங்கில எழுத்தா தெரியும். உங்க ஃபைல் எதுன்னு தெரியணுமா, ஒரு வரியை செலக்ட் பண்ணி நிர்மலா யூஐ ஃபான்ட்டுக்கு மாத்திப் பாருங்க. தமிழாவே இருந்தா யூனிகோட், ஆங்கிலமா மாறினா இல்ல.

நெட்ல இருந்து எதையாவது குறிப்பா எடுத்தா நேரா பேஸ்ட் பண்ணாம "கீப் டெக்ஸ்ட் ஒன்லி" மாதிரி இருக்கற ஆப்ஷன்ல பேஸ்ட் பண்ணுங்க. இல்லன்னா அந்தப் பக்கத்தோட கலரு, லிங்க், பின்னணி எல்லாம் சேர்ந்து வந்து பாதி பாரா சாம்பல் நிறத்துல நிக்கும்.

5. டாக்குமெண்ட் ஃபார்மட்: ஸ்டைல் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது

தலைப்பை செலக்ட் பண்ணி போல்டு போட்டு சைஸ் பெருசாக்கறது தான் எல்லாரும் செய்யறது. பாக்க தலைப்பு மாதிரி இருக்கும், ஆனா கம்ப்யூட்டருக்கு அது பெரிய எழுத்துல இருக்கற சாதாரண பாரா தான். அதுக்கு பதிலா ஹோம் டேப்ல இருக்கற "ஹெட்டிங் 1", உள் தலைப்புக்கு "ஹெட்டிங் 2" ஸ்டைலை போடுங்க. அப்ப தான் பொருளடக்கம் தானா வரும், எல்லா தலைப்போட கலரையும் ஒரே இடத்துல மாத்த முடியும். ஸ்டைல் போடாம பொருளடக்கம் சேர்க்கப் போனா தலைப்பு எதுவும் கிடைக்கலன்னு தான் சொல்லும்.

பொருளடக்கத்தை கடைசியா போடுங்க. முன்னாடியே போட்டிருந்தா ரைட் கிளிக் பண்ணி "அப்டேட் ஃபீல்டு" குடுங்க. அது தானா புதுப்பிச்சுக்காது. மூணாம் பக்கத்துல இருக்கற தலைப்புக்கு பொருளடக்கத்துல ரெண்டாம் பக்கம்னு இருந்தா டீச்சர் கண்ணுல உடனே படும்.

அடுத்த பக்கத்துக்கு போக எண்டரை தட்டிக்கிட்டே போகாதீங்க. கன்ட்ரோல் எண்டர் ஒரு தடவை தட்டினா பேஜ் பிரேக். எண்டரால தள்ளி வச்ச தலைப்பு மேல ஒரு வரி சேர்ந்தாலும் கீழ இறங்கிடும், பேஜ் பிரேக் போட்டது எப்பவும் பக்கத்தோட மேல தான் நிக்கும். ஸ்பேஸ் பாரை தட்டி நடுவுக்கு கொண்டு வர்றதும் இதே தப்பு தான், அதுக்கு சென்டர் பட்டன் இருக்கு. நீங்க எங்க எண்டர், எங்க ஸ்பேஸ் போட்டிருக்கீங்கன்னு பாக்க ஹோம் டேப்ல பாரா குறி மாதிரி ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்துங்க. டீச்சரும் அதை அழுத்திப் பாப்பாங்கன்னு வச்சுக்கிட்டே வேலை செய்யுங்க.

படத்தை பெருசு சின்னது பண்ணும்போது மூலைய பிடிச்சு இழுங்க, பக்கவாட்டுல பிடிச்சா நசுங்கிடும். படம் துள்ளித் துள்ளி வேற இடத்துக்கு போகுதுன்னா "இன் லைன் வித் டெக்ஸ்ட்"ல வைங்க, ஒரு எழுத்து மாதிரி வரிக்குள்ள உக்காந்துக்கும்.

6. ஸ்ப்ரெட்ஷீட்: அதிகம் தடுக்கற இடம் இது தான்

இதுக்கு ஒரு மார்க் ஷீட்டையே உதாரணமா எடுத்துக்கலாம், எப்படியும் அது தான் அடிக்கடி வரும். ஏ காலம்ல (மேல இருந்து கீழ போற நெடுவரிசை) பேர், பி-ல இருந்து எஃப் வரைக்கும் அஞ்சு பாடம், முதல் வரி தலைப்பு, ரெண்டாம் வரில இருந்து 21-ம் வரி வரைக்கும் 20 மாணவர்கள். ஜி-ல மொத்தம், எச்-ல சதவீதம். மொத்த மதிப்பெண் 500 ஜே1 செல்லுல இருக்கு.

முதல்ல டேட்டா. ஒரு செல்லுல ஒரு விஷயம் மட்டும். "85 மார்க்"னு அடிச்சா அது எக்செல்லுக்கு நம்பர் இல்ல, எழுத்து. அடிச்சு முடிச்சதும் கண்ணை மேல இருந்து கீழ ஓட்டுங்க. நம்பர் தானா வலது பக்கம் ஒட்டும், எழுத்து இடது பக்கம் ஒட்டும். நம்பர் காலம்ல ஏதாவது ஒண்ணு இடது பக்கம் நின்னா அதை சம் ஃபார்முலா கூட்டாம விட்டுடும், எரரும் காட்டாது. பூஜ்யத்துக்கு பதிலா ஆங்கில ஓ எழுத்தை அடிச்சிருப்பீங்க, இல்ல நடுவுல ஸ்பேஸ் விழுந்திருக்கும். இதனால தான் அலைன்மென்ட்டை டேட்டா சரி பாக்கறதுக்கு முன்னாடி மாத்தக் கூடாது, எல்லாத்தையும் சென்டர் பண்ணிட்டா இந்த அடையாளம் போயிடும்.

ரோல் நம்பர் 007னு இருந்தா 7 ஆயிடும். அந்த காலத்தை முதல்லயே "டெக்ஸ்ட்" ஃபார்மட்டுக்கு மாத்திட்டு அப்புறம் அடிங்க. அடிச்சதுக்கு அப்புறம் மாத்தினா போன பூஜ்யம் திரும்பி வராது. 3-4னு அடிச்சா தேதியா மாறறதுக்கும் இதே வழி தான்.

பரீட்சைக்கு வராதவங்க செல்லை காலியா விடறதா, 0 போடறதா? ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. சராசரி எடுக்கற ஃபார்முலா காலி செல்லை கணக்குலயே சேர்க்காது, 0-வை சேர்க்கும். 80, காலி, 90 இருந்தா சராசரி 85. அதே காலி இடத்துல 0 போட்டா 56.67. எதை எடுத்துக்கணும்னு கேள்வில பாருங்க, இல்லன்னா கேளுங்க.

இப்ப ஃபார்முலா. ஜி2-ல சமக்குறி போட்டு சம், பி2-ல இருந்து எஃப்2 வரைக்கும். செல்லோட வலது கீழ் மூலைல இருக்கற சின்ன சதுரத்தை பிடிச்சு கீழ இழுத்தா எல்லாருக்கும் வந்துடும். இது வரைக்கும் யாருக்கும் பிரச்சினை வர்றதில்ல.

சதவீதத்துல தான் வரும். எச்2-ல "=ஜி2/ஜே1"னு போடறீங்க, முதல் ஆளுக்கு சரியா வருது. கீழ இழுத்தா ரெண்டாவது ஆள்ல இருந்து எல்லாருக்கும் பூஜ்யத்தால வகுக்கற எரர். என்ன நடந்துச்சுன்னு எச்3-ஐ கிளிக் பண்ணி மேல இருக்கற ஃபார்முலா பார்ல பாருங்க, "=ஜி3/ஜே2"னு இருக்கும். ஒரு வரி கீழ இழுத்தா ஃபார்முலாக்குள்ள இருக்கற எல்லா செல்லும் ஒரு வரி கீழ இறங்கும். ஜி2 ஜி3 ஆனது நமக்கு வேணும், ஜே1 ஜே2 ஆனது வேண்டாம், அங்க ஒண்ணுமே இல்ல. அதனால ஜே1-ஐ பூட்டணும்: "=ஜி2/$ஜே$1". ஃபார்முலா எழுதும்போது கர்சரை ஜே1 மேல வச்சு எஃப்4 கீயை தட்டினா டாலர் குறி தானா விழும், சில லேப்டாப்ல எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்தணும். எந்த செல் எல்லா வரிக்கும் பொதுவோ அதைப் பூட்டணும், எது வரிக்கு வரி மாறணுமோ அதை விட்டுடணும்.

ரேங்க் போடும்போதும் இதே தான். ஜி2 எத்தனாவது இடம்னு கேக்கற ஃபார்முலால ஜி2-ல இருந்து ஜி21 வரைக்கும் இருக்கற ரேஞ்சை பூட்டலன்னா ஒவ்வொரு வரிலயும் பட்டியல் ஒண்ணு கீழ நகர்ந்து, கடைசி ஆளுக்கு போகும்போது அவங்க கூட போட்டி போட ஆளே இருக்க மாட்டாங்க, முதல் ரேங்க் வந்துடும். எரர் காட்டாம தப்பான விடை குடுக்கறதால இது இன்னும் ஆபத்து.

சதவீதம்னா 100-ஆல பெருக்கணும்னு கணக்கு கிளாஸ்ல சொல்லிக் குடுத்தது சரி தான், ஆனா இங்க சதவீத பட்டனை அழுத்தினா அது தானே பெருக்கிக் காட்டும். 432-ஐ 500-ஆல வகுத்தா 0.864, பட்டனை அழுத்தினா 86.4%. நீங்களும் 100-ஆல பெருக்கிட்டு பட்டனையும் அழுத்தினா 8640%னு வரும். ரெண்டுல ஒண்ணு தான் செய்யணும்.

இதோட தொடர்ச்சியா இஃப் ஃபார்முலால ஒரு தப்பு வரும். 40 சதவீதம் எடுத்தா பாஸ்னு வைக்க "எச்2 >= 40"னு போட்டா எல்லாரும் ஃபெயில் ஆயிடுவாங்க. கண்ணுக்கு 86.4%னு தெரிஞ்சாலும் செல்லுக்குள்ள இருக்கறது 0.864. அதனால 0.4-ஓட ஒப்பிடணும், இல்லன்னா 40%னு குறியோட எழுதணும். செல்லுல தெரியறது வேற, செல்லுல இருக்கறது வேறன்னு ஒரு தடவை பிடிபட்டுட்டா ஸ்ப்ரெட்ஷீட்ல வர்ற பாதி குழப்பம் தீர்ந்துடும். வரிசையா ஹாஷ் குறியா தெரிஞ்சா பயப்பட வேண்டாம், காலம் அகலம் பத்தல, கோட்டை இழுத்து அகலமாக்குங்க.

பேர் வரிசைப்படி அடுக்கும்போது பேர் காலத்தை மட்டும் செலக்ட் பண்ணி அடுக்கிடாதீங்க. பேர் மட்டும் இடம் மாறும், மார்க் இருந்த இடத்துலயே நிக்கும், ஒருத்தர் மார்க் இன்னொருத்தருக்கு போயிடும். எக்செல் "எக்ஸ்பேண்ட் த செலக்ஷன்" வேணுமான்னு கேக்கும், ஆமான்னு குடுங்க. டேபிளுக்குள்ள ஏதாவது ஒரு செல்லை மட்டும் கிளிக் பண்ணிட்டு அடுக்கினா இந்தக் கேள்வியே வராது.

சார்ட் போட செலக்ட் பண்ணும்போது மொத்தம் காலத்தையும் சேர்த்து எடுத்தா 400க்கு மேல போற மொத்தத்தோட தூண் முன்னாடி பாடங்களோட தூண் எல்லாம் குட்டையா தெரியும். தேவையான காலத்தை மட்டும் கன்ட்ரோல் கீயை பிடிச்சுக்கிட்டு செலக்ட் பண்ணுங்க. காலப்போக்குல மாறறதுக்கு கோடு, ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட தூண், ஒரு முழுசோட பங்கு காட்ட மட்டும் வட்டம். தலைப்பும் ரெண்டு அச்சுக்கு பேரும் போட மறக்காதீங்க, அதுக்கு தனி மார்க் குடுக்கறது வழக்கம்.

சேவ் பண்ணும்போது சிஎஸ்வி-னு தேர்ந்தெடுத்துடாதீங்க. அதுல ஃபார்முலா, கலர், வரைபடம் எதுவும் நிக்காது, திறந்திருக்கற ஒரு ஷீட்டோட மதிப்பு மட்டும் தான் இருக்கும்.

7. ப்ரெசன்டேஷன்

முதல்ல பேப்பர்ல ஸ்லைடு ஒண்ணுக்கு ஒரு வாக்கியம் எழுதுங்க, அந்த ஸ்லைடு என்ன சொல்லணும்ங்கறது தான் அந்த வாக்கியம். எழுத முடியலன்னா அந்த ஸ்லைடு தேவையில்ல.

எழுத்து 24 பாயின்ட்டுக்கு கீழ போக வேண்டாம், கடைசி பெஞ்ச்ல இருக்கறவங்களுக்கும் படிக்கணும். பாரா பாராவா ஒட்டி வச்சா நீங்க ஸ்லைடைப் பாத்து படிப்பீங்க, கேக்கறவங்களும் படிப்பாங்க, உங்களை யாரும் கேக்க மாட்டாங்க. பேச வேண்டியதை கீழ இருக்கற நோட்ஸ் பகுதில எழுதுங்க.

எல்லா ஸ்லைடுலயும் ஒரே மாதிரி ஃபான்ட், லோகோ வேணும்னா ஸ்லைடு மாஸ்டர்ல ஒரு தடவை மாத்தினா போதும். வீடியோவை லிங்க்கா மட்டும் சேர்த்திருந்தா அந்த வீடியோ ஃபைலும் கூடவே வரணும், ஃபோல்டரை முழுசா எடுத்துட்டு போகச் சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம். அனிமேஷன் ஒரு ஸ்லைடுக்கு ஒண்ணுக்கு மேல எதுக்குன்னு எனக்கு இன்னும் புரியல, கிளிக் எண்ணிக்கை தவறி பேச்சு தடுமாறறது தான் மிச்சம்.

8. புரோகிராம் எழுதற அசைன்மென்ட்னா

ஸ்க்ராட்ச்ல (பிளாக்கை அடுக்கி புரோகிராம் எழுதறது) லாகின் பண்ணாம பிரவுசர்ல செஞ்சா டேப் மூடினதும் போயிடும், "சேவ் டு யுவர் கம்ப்யூட்டர்" குடுத்து ஃபைலா இறக்கிக்கோங்க. முதல் தடவை சரியா ஓடி ரெண்டாவது தடவை சொதப்பினா காரணம் பெரும்பாலும் ஒண்ணு தான்: பச்சைக் கொடி பிளாக்குக்கு கீழ ஸ்ப்ரைட்டோட (திரைல நகர்ற உருவம்) இடத்தையும் ஸ்கோரையும் ஆரம்ப நிலைக்கு கொண்டு வர்ற பிளாக் இல்ல. டீச்சர் திறக்கும்போது போன ஆட்டம் முடிஞ்ச இடத்துல இருந்தே ஆரம்பிக்கும்.

பைத்தான்ல இன்புட் வாங்கினா வர்றது எப்பவும் எழுத்து தான், நம்பர் இல்ல. 5-ம் 5-ம் குடுத்து கூட்டினா 55 வரும், அதனால இன்ட் போட்டு மாத்திக்கணும். ஃபைலுக்கு டர்ட்டில், ரேண்டம்னு பேர் வைக்காதீங்க. அதே பேர்ல பைத்தான்ல ரெடிமேடா இருக்கற லைப்ரரியை இம்போர்ட் பண்ணும்போது பைத்தான் முதல்ல உங்க ஃபோல்டர்ல இருக்கற உங்க ஃபைலையே எடுத்துக்கும், சம்பந்தமே இல்லாத எரர் வரும். எரர் வந்தா கடைசி வரியை முதல்ல படிங்க, என்ன தப்புன்னு அங்க தான் இருக்கும், எந்த வரிலன்னு அதுக்கு மேல இருக்கும்.

எச்டிஎம்எல்ல படத்துக்கு உங்க கம்ப்யூட்டரோட முழு முகவரி, சி டிரைவ்ல ஆரம்பிக்கறதை குடுத்தா உங்க கிட்ட மட்டும் தான் தெரியும். படத்தை அதே ஃபோல்டர்ல வச்சு பேரை மட்டும் எழுதுங்க. பெரிய எழுத்து சின்ன எழுத்தும் அப்படியே ஒத்துப் போகணும், விண்டோஸ் கண்டுக்காது, ஆனா பெரும்பாலான வெப் சர்வர் கண்டுக்கும். நோட்பேட்ல சேவ் பண்ணும்போது "ஆல் ஃபைல்ஸ்" தேர்ந்தெடுங்க, இல்லன்னா பேருக்கு பின்னாடி டிஎக்ஸ்டி ஒட்டிக்கலாம். தமிழ் எழுத்து புரியாத குறியீடா தெரிஞ்சா பெரும்பாலும் பக்கத்தோட தலைப்பகுதில யூடிஎஃப்-8னு அறிவிக்கற வரி விட்டுப் போயிருக்கும்.

9. எடுத்தது எங்க இருந்துன்னு அப்பவே குறிச்சு வைங்க

படம் எடுத்த உடனே அந்தப் பக்கத்தோட லிங்க்கை ஒரு ஃபைல்ல போட்டு வைங்க. கடைசில தேடினா கிடைக்காது. தேடல்ல வந்த பக்கத்தோட லிங்க்கை குடுக்கறது மூலம் ஆகாது, அந்தப் படம் இருக்கற பக்கத்துக்குள்ள போய் எடுக்கணும். கூகுள் படத் தேடல்ல கிரியேட்டிவ் காமன்ஸ் லைசன்ஸ்னு வடிகட்டற வசதி இருக்கு, அதைப் பயன்படுத்துங்க.

சாட்ஜிபிடி மாதிரி ஏஐ கிட்ட கேக்கலாமான்னு டீச்சர் கிட்ட நேரடியா கேட்டுடுங்க, ஒவ்வொரு ஸ்கூல்லயும் விதி வேற. அனுமதி இருந்தாலும் உங்களால விளக்க முடியாத ஃபார்முலாவோ கோடோ ஃபைல்ல இருக்க வேண்டாம். "இந்த டாலர் குறி எதுக்கு?"னு கேட்டா பதில் சொல்லத் தெரியணும், கத்துக்கறதுக்கு தான இவ்வளவும். கூகுள் டாக்ஸ்ல செஞ்சா வெர்ஷன் ஹிஸ்டரில எப்ப என்ன எழுதினீங்கன்னு இருக்கும். நீங்களா செஞ்சதான்னு சந்தேகம் வந்தா அது உங்களுக்கு துணை.

10. வேற கம்ப்யூட்டர்ல திறந்து பாருங்க

உங்க கம்ப்யூட்டர்ல சரியா இருக்கறது போதாது, ஏன்னா அங்க உங்க ஃபான்ட், உங்க படம், உங்க லாகின் எல்லாம் ஏற்கனவே இருக்கு. லேப்லயோ நண்பர் கிட்டயோ ஒரு தடவை திறந்து பாருங்க. வழியே இல்லன்னா போன்லயாவது திறங்க.

பிரிண்ட் ப்ரிவ்யூ பாருங்க, குறிப்பா எக்செல். ஒரே ஒரு காலம் அடுத்த பக்கத்துக்கு போயிருக்கும். பேஜ் லேஅவுட்ல அகலத்தை 1 பக்கத்துக்குள்ள அடங்கற மாதிரி வைங்க.

அப்புறம் முதல் ஸ்டெப்ல எழுதின பேப்பரை எடுத்து ஒவ்வொண்ணா டிக் போடுங்க. இந்த ஒரு வேலைக்கு பத்து நிமிஷம் தான் ஆகும், ஆனா முழுசா விட்டுப் போன ஒரு கேள்வி இங்க தான் கண்ணுல படும்.

11. சப்மிட்

பென் டிரைவ்ல காப்பி பண்ணும்போது ஐகான் மூலைல வளைஞ்ச அம்புக்குறி இருந்தா அது ஷார்ட்கட், ஃபைல் இல்ல. அந்த ஷார்ட்கட்டை எடுத்துட்டு போனா ஸ்கூல்ல திறக்காது. சைஸை பாருங்க, பத்து பக்கம் படத்தோட இருக்கற டாக்குமெண்ட் 2 கேபி இருக்க வாய்ப்பில்ல. ஃபைல் திறந்திருக்கும்போது அப்லோட் பண்ணாதீங்க. பேருக்கு முன்னாடி அலைக்குறியும் டாலர் குறியும் இருக்கற ஒரு சின்ன ஃபைல் அப்ப தற்காலிகமா உருவாகும், தெரியாம அதை அனுப்பிடறவங்க இருக்காங்க.

ஜிப் ஃபைலுக்குள்ள இருந்து நேரா திறந்து திருத்தாதீங்க, முதல்ல எக்ஸ்ட்ராக்ட் பண்ணுங்க, இல்லன்னா நீங்க திருத்தினது ஜிப்புக்குள்ள போய் சேராமலே போகலாம்.

கூகுள் டாக்ஸ் லிங்க் அனுப்பினா ஷேர் செட்டிங்கை பாருங்க. மாத்தாம விட்டா டீச்சருக்கு அனுமதி கேக்கற பக்கம் தான் வரும். அந்த லிங்க்கை இன்காக்னிட்டோ விண்டோல திறந்து பாத்தா லாகின் இல்லாதவங்களுக்கு எப்படி தெரியும்னு தெரிஞ்சுடும். ஸ்கூல் அக்கவுண்ட்டுக்குள்ள மட்டும் ஷேர் பண்ணச் சொல்லியிருந்தா அப்படியே செய்யுங்க. எடிட் அனுமதி குடுக்கணுமா, பாக்கற அனுமதி போதுமான்னும் பாத்துக்கோங்க. மெயில்ல அனுப்பறதா இருந்தா ஜிமெயில்ல அட்டாச்மென்ட் 25 எம்பி தான் அதிகபட்சம். அதுக்கு மேலன்னா டிரைவ் லிங்க்கா போகும், அங்கயும் அனுமதி பாக்கணும்.

கூகுள் கிளாஸ்ரூம்ல ஃபைலை அட்டாச் பண்ணா மட்டும் போதாது, "டர்ன் இன்" அழுத்தணும். அழுத்தினதுக்கு அப்புறம் திருத்தறதுக்காக திரும்ப எடுத்தா மறுபடி டர்ன் இன் பண்ற நேரம் தான் கணக்கு, கெடு தாண்டியிருந்தா லேட்னு விழும்.

அனுப்பினதும் நீங்க அனுப்பின ஃபைலை அங்க இருந்தே ஒரு தடவை திறந்து பாருங்க. லேப் கம்ப்யூட்டர்னா பிரவுசரை மூடினா போதும்னு விடாம அக்கவுண்ட்ல இருந்து லாக் அவுட் பண்ணுங்க, பென் டிரைவை எஜெக்ட் பண்ணிட்டு எடுங்க. மார்க் வர்ற வரைக்கும் ஃபோல்டரை அழிக்காதீங்க. பேப்பர் திருத்தி வந்ததும் டீச்சர் எழுதின கமெண்ட்டை அதே ஃபோல்டர்ல ஒரு சின்ன நோட்ஸ் ஃபைலா போட்டு வைங்க, அடுத்த அசைன்மென்ட்டோட முதல் ஸ்டெப்ல கேள்வியைப் பிரிக்கும்போது அதையும் பக்கத்துல திறந்து வச்சுக்கலாம்.